அடுத்தவர் நோன்பு

ஈ.சி.ஆர். ரோட்டில் புதுச்சேரிக்குப் போயிருப்பீர்கள். மரக்காணம் நெருங்கும்போது வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரியும். உப்பளம். உச்சி வெயிலில் அங்கே ஆளைப் பார்ப்பது கஷ்டம். விடியும் முன்பே இறங்கி, வெயில் மண்டைக்கு ஏறுவதற்குள் கரையேறிவிடுவார்கள். சைரனெல்லாம் கிடையாது. சூரியன்தான் மேஸ்திரி.

இந்த ஊர் ஆசாமி ஒருவர், ரம்ஜான் என்றால் நோன்புக் கஞ்சி என்பதற்கு மேல் தெரியாதவர், வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போவதற்குக் காரணமே ஒரு ரம்ஜான்தான். நம்ப முடியவில்லையா?

1973, அக்டோபர் 6. எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல் மீது பாய்ந்தன. ஹிஜ்ரி கணக்கில் அன்று ரமலான் பத்தாம் நாள். அரபு நாடுகளில் அதற்கு ரமலான் யுத்தம் என்றே ஒரு பெயர் உண்டு. பதினோரு நாளில் அரபு எண்ணெய் நாடுகள் சப்ளையில் கை வைத்தன. சுமார் 3 டாலருக்குப் போய்க்கொண்டிருந்த பீப்பாய், 1974 ஜனவரியில் பதினொன்றரை டாலரைத் தாண்டியது. பணம் கொட்டியதும் ரோடு, துறைமுகம், ஆஸ்பத்திரி என்று கட்ட ஆரம்பித்தார்கள். கட்டுவதற்கு ஆள்? மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். உங்கள் தெருவிலேயே ஒரு 'துபாய்க்காரர் வீடு' இருக்குமே!

சரி, நம் ஆசாமி போய் இறங்கிவிட்டார். முதல் ரம்ஜான் வருகிறது. பகலில் தெருவில் நின்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குவைத் 1968லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. 100 தினார் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை உள்ளே, அல்லது ரெண்டும். அமீரகத்தின் 1987ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் ஒரு மாதம் வரை சிறை அல்லது 2,000 திர்ஹம் வரை அபராதம். கவனியுங்கள், மற்ற மதத்தவரை யாரும் நோன்பு இருக்கச் சொல்லவில்லை. பொது இடத்தில் வேண்டாம், அவ்வளவுதான். ரூமுக்குள் தாராளமாக சாம்பார் கொதிக்கலாம். ஆபீஸ்காரருக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவாவது இருக்கும். சாரத்தின் மேல் நிற்கிறவருக்குக் கதவு ஏது?

நான் பி.காம். எனக்கு இதில் சுவாரசியமான இடம் நேரக் கணக்குதான். அமீரகத்தின் 1980ஆம் வருஷத் தொழிலாளர் சட்டம், ரம்ஜான் மாதத்தில் தினமும் 2 மணி நேரம் வேலையைக் குறை என்றது. யாருக்கு? மதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாருக்கும். மாதம் 26 வேலை நாள் என்றால் 52 மணி நேரம். அந்த நேரத்திலும் வேலை வாங்கினால் ஓவர்டைம், ஒன்றேகால் பங்கு கூலி. 2021ல் சட்டத்தையே மாற்றி எழுதினார்கள். அந்த 2 மணி நேரம் தப்பித்துவிட்டது. பக்கத்து சவூதியிலோ 2005 சட்டம், நாளைக்கு 6 மணி நேரம் என்ற சலுகையை முஸ்லிம் தொழிலாளர்களுக்கு மட்டும் என்று எழுதியது. ஆக, துபாயில் நம்மவர் சீக்கிரம் ரூமுக்குப் போவார். ரியாத்தில் இருப்பவருக்கு அதே 8 மணி நேரம். தெருவில் டீயும் கிடையாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. (துபாயில் மட்டும் எல்லா கம்பெனியும் ஒழுங்காகக் கொடுத்ததா என்று கேட்காதீர்கள். அது தனிக் கதை.)

சந்திரக் கணக்கு என்பதால் ரம்ஜான் வருஷத்துக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகரும். 2010லிருந்து சில வருஷங்கள் சரியாகக் கொளுத்தும் கோடையில் வந்து உட்கார்ந்தது. நல்லவேளை, அமீரகத்தில் 2005லேயே கோடையில் மதிய இடைவேளை கட்டாயம் என்று உத்தரவு வந்திருந்தது. மரக்காணத்தில் சூரியன் பார்க்கிற வேலையை அங்கே அரசாங்கம் பார்த்தது. 2010ல் இன்னொன்றும் நடந்தது. கடும் வெயிலில் தாங்க முடியாவிட்டால் தொழிலாளி நோன்பை முறித்துக்கொள்ளலாம் என்று அங்கே ஃபத்வாவே வந்தது.

சாயங்காலம் காட்சி மாறிவிடும். பாங்கு சொன்னதும் பள்ளிவாசல்களில் பேரீச்சம்பழம், மோர், பிரியாணி. வரிசையில் உட்காருகிறவரிடம் மதம் கேட்பதில்லை. துபாய் தேராவில் லூத்தா பள்ளிவாசலில் நம்மூர் நோன்புக் கஞ்சியே உண்டு!

பகலில் ஹோட்டல்கள் திரை கட்ட வேண்டும் என்ற விதியையும் துபாய் 2021ல் கைவிட்டது. இப்போது ரம்ஜான் குளிர்காலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. 2030ல் ஒரே வருஷத்தில் இரண்டு ரம்ஜான் வரும். ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று. அங்கே சம்பளக் கணக்கு போடுகிறவர்கள் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம்.