மனைவியின் விலை

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1382-வது பிரிவாக இருந்தது ஒரே வாக்கியம்தான்: தன் தவறால் பிறருக்குக் கேடு செய்தவன் ஈடுகட்ட வேண்டும். வேலைக்குச் சேலம் பக்கம் வந்தபிறகு ஆங்கிலேயர் வழியைப் படித்துத் திகைத்தேன். 1808-ல் லண்டனில் ஒரு வழக்கு. கோச் வண்டி கவிழ்ந்து ஒருவரின் மனைவி அடிபட்டு, ஒரு மாதம் கிடந்து இறந்தார். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் ஈடு உண்டு, இறந்தபின் கிடையாது என்று தீர்ப்பு! 1846-ல்தான் அங்கே சட்டம் மாறியது. இந்தியாவுக்கு 1855-ல் வந்தது.

நாமக்கல் லாரிகளின் ஊர். விபத்து இழப்பீடு இங்கே திண்ணைப் பேச்சு. இறந்தவரின் ஆண்டு வருமானத்தில் சொந்தச் செலவைக் கழித்து, மிச்சத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். 30 வயதுக்கு 17 என்பது 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது.

சம்பளமில்லாத மனைவி இறந்தால்? மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த அட்டவணை, கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் வருமானமாகக் கொள்ளச் சொன்னது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடு ஒரே வகையில் சேர்த்ததை 2010-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

இதையெல்லாம் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "உங்கம்மாவைப் படுக்கையில வச்சு நான் பார்த்தேனே, அது எந்தப் பங்குல வரும்?" என்றாள்.