காய்ச்சல் பதிவேடும் கைத்தொலைபேசியும்



நோயாளி ஓரிடம், மருத்துவர் வேறிடம். நடுவே பல மைல் செம்மண் சாலை. இந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பது ஈஜோக் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்குப் புதிய கேள்வி அன்று; நம் பாட்டன் பாட்டி காலத்திலிருந்தே நம்மோடு இருந்துவரும் கேள்வி.

இன்று அதற்குப் புதியதொரு விடை வந்திருக்கிறது. நோயாளி வீட்டிலேயே இரத்த அழுத்தத்தையோ சர்க்கரையையோ அளக்கிறார். அந்த எண் கைத்தொலைபேசி வழியாக மருத்துவகத்துக் கணினிக்குப் போகிறது. எண் எல்லை மீறினால் கணினி எச்சரிக்கிறது. இதைத் தொலைநிலைக் கண்காணிப்பு என்கிறோம். மருத்துவகங்கள் இத்தகைய முறையை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், நாம் அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை நம் சொந்த வரலாறே கற்றுத்தருகிறது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் கிள்ளானில் அரசாங்க மருத்துவராகப் பொறுப்பேற்றார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல். அந்தச் செய்தி அப்போது புதிது. கிள்ளானில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைக் காய்ச்சல் காரணமாகச் சில வாரங்களிலேயே மூடவேண்டியதாயிற்று. வாட்சனின் யோசனைப்படி இரண்டு இடங்களிலும் காடு வெட்டப்பட்டது, சதுப்பு வடிக்கப்பட்டது, கால்வாய்கள் தோண்டப்பட்டன.

பலன் தெரிந்ததா? அதைச் சொன்னது மருத்துவமனைப் பதிவேடு. நோயாளி எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையும் வாட்சன் கணக்கில் எடுத்துக்கொண்டார். கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவோடு சேர்ந்தவர்கள் 1901இல் 334 பேர். 1905இல் 12 பேர். துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் 188 பேர் என்பது 11 பேராகக் குறைந்தது. ஆனால் மாவட்டத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்தவர்களோ 197 பேரிலிருந்து 353 பேராகப் பெருகினர்!

அந்த மூன்றாவது வரிசையில் இருந்தவர்களில் தோட்டங்களின் மக்களும் அடக்கம். ரப்பர் நடுவதற்காகக் காடு திருத்தப்பட்ட காலம் அது. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு என்று பல மாவட்டங்களிலிருந்து வந்த நம்மவர்கள் காட்டின் ஓரத்து லயங்களில் குடியிருந்தார்கள். மொத்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், தோட்டங்களில் காய்ச்சல் ஏறுவது நகரத்தின் வெற்றிக்குள் மறைந்து போயிருக்கும். ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்ததால்தான் அவர்கள் கண்ணில் பட்டார்கள்.

வாட்சன் அடுத்துத் தோட்டங்களுக்கே போனார். மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கினால் மண்ணீரல் வீங்கும். நம் பெரியவர்கள் 'காய்ச்சல் கட்டி' என்று சொன்னது இதைத்தான். குழந்தைகளின் விலாவுக்குக் கீழே கையால் தொட்டுப் பார்த்தாலே அது தெரியும். எந்த லயத்தில் நூற்றுக்கு எத்தனை குழந்தைகளுக்கு வீக்கம் என்று அவர் எண்ணினார். காட்டு ஓரத்து லயங்களில் அந்த எண்ணிக்கை மிகுதி. காட்டை விட்டு விலக விலகக் குறைவு. ஆகவே கொசு எங்கே பிறக்கிறது என்பதைக் குழந்தைகளின் உடலே காட்டிக்கொடுத்தது. எங்கே கால்வாய் வெட்டுவது, லயத்தை எங்கே கட்டுவது என்பதை அந்த எண்களைக் கொண்டு முடிவு செய்ய முடிந்தது.

இங்கே இன்னொரு பாடமும் உண்டு. கடற்கரைச் சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் பிறப்பது. காட்டை வெட்டி வெயில் விழச் செய்தால் அது அழிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ கொசுவின் இனமே வேறு. அது வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. அங்கே காட்டை வெட்டியபோது காய்ச்சல் கூடியது! ஓரிடத்தில் மருந்தாக இருந்தது மற்றோர் இடத்தில் நோயாகிவிட்டது. மலைத்தோட்டங்களுக்கு, ஓடை நீரை மண்ணுக்கு அடியில் குழாய்வழி வடிக்கும் வேறு முறையைத் தேடவேண்டியிருந்தது. இந்த அனுபவங்களை வாட்சன் 1911இல் நூலாக வெளியிட்டார்.

மருத்துவர் எப்போதோ வந்து போவார். அன்றாடம் நம்மோடு இருந்தவர் டிரசர். லயத்துக்கு வந்து பார்ப்பதும், கொயினா கொடுப்பதும், யாருக்குக் காய்ச்சல் என்று எழுதி வைப்பதும் அவர் வேலை. தொலைவில் இருந்த மருத்துவருக்கு அவரே கண்ணும் காதும். ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடக்கூடாது. நோயாளி இன்று பெரட்டுக்கு வரவில்லை என்பது நிர்வாகத்துக்கும் ஒரு கணக்கு. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஆகவே நோயை மறைத்துக்கொண்டு பால்மரத்துக்குப் போனவர்களும் உண்டு. நம் உடலைப் பற்றிய பதிவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

காலம் மாறியது. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பலர் தோட்டத்தை விட்டு வெளியேறினர். நோயும் மாறியது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர். இங்கும் பிரித்துப் பார்த்ததால்தான் நம் நிலை தெரிந்தது. காய்ச்சலைப்போல் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஆளைப் படுக்கையில் தள்ளி அறிவிப்பதில்லை. பல ஆண்டுகள் ஓசையின்றி இருந்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கின்றன. இதனால்தான் அடிக்கடி அளந்து பார்ப்பது அவசியமாகிறது.

இதற்குக் கருவி மட்டும் போதுமா? அமெரிக்காவில் இதயம் பலவீனமுற்ற 1,653 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. நோயாளிகள் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, பதிவு செய்த குரல் கேட்கும் கேள்விகளுக்கு விடை தர வேண்டும். ஏழு பேரில் ஒருவர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. நாளாக ஆகப் பலர் விட்டுவிட்டார்கள். மரணமோ மறுபடி மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. ஜெர்மனியில் 1,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், மருத்துவர்களும் தாதியரும் இரவும் பகலும் எண்களைப் பார்த்து உடனே செயல்பட்டார்கள். அங்கே மரணம் குறைந்தது.

தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில் நீரிழிவுத் தடுப்புத் திட்டம் நடந்தது. ஒரு வண்டி ஊர் ஊராகச் சென்று, விழித்திரையைப் படமெடுத்துச் செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மருத்துவர்களுக்கு அனுப்பியது. கருவி நவீனமானதுதான். ஆனால் மக்களை அழைத்து வந்து விளக்கிச் சொன்னவர்கள் அந்தந்த ஊர்களில் பயிற்சி பெற்ற ஊழியர்கள்.

ஆகவே, நேயர்களே, ஒரு மருத்துவகம் இம்முறையை நம்மிடம் கொண்டு வந்தால், விலையையும் வண்ணத்திரையையும் பார்ப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்போம்.

நாம் அனுப்பும் எண்ணை யார் பார்க்கிறார்? இரவிலும் விடுமுறையிலும் பார்ப்பவர் யார்? எச்சரிக்கை வந்தால் எவ்வளவு நேரத்துக்குள் நம்மை அழைப்பார்கள்? பெயர் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த முறை வெறும் பதிவேடுதான்.

செம்பனைக் காட்டுக்குள் தொலைபேசி அலை எட்டாத வேளையில் அளவு தொலைந்து போகுமா, கருவியிலேயே தங்கி, அலை கிடைத்ததும் போய்ச் சேருமா? நகரத்தில் நன்றாக ஓடியது நம் லயத்திலும் ஓடும் என்று நம்பிவிட வேண்டாம். மலைத்தோட்டத்துக் கொசுவை நினைவில் கொள்வோம். முதலில் சில குடும்பங்களில் சில மாதம் நடத்திப் பார்த்து, குறையைத் திருத்தி, பிறகு விரிப்பதே முறை.

திரையில் தமிழ் உண்டா? எழுத்தறியாத பாட்டிக்குக் கருவியின் பட்டையைக் கையில் கட்டக் கற்றுத்தர வீட்டுக்கு ஆள் வருவாரா? ஒரே தொலைபேசியை வீட்டில் மூவர் பயன்படுத்தினால், அப்பாவின் அளவு அம்மாவின் பெயரில் ஏறிவிடாமல் இருக்க என்ன வழி?

கடைசியாக, அந்தப் பதிவு யார் கையில் இருக்கும்? முதலாளிக்கு அது போகுமா? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலச் செய்திகளை மிகுந்த காப்புக்குரியவை என்று வகுக்கிறது. தனியார் மருத்துவகம் அவற்றைக் கையாள, சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, நம் வெளிப்படையான சம்மதம் வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்றொன்று: நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ, கருவி என்ன சொல்கிறது என்று காத்திருக்க வேண்டாம். உடனே 999 எண்ணை அழையுங்கள்.

வாட்சனின் பதிவேட்டில் இருந்தவை வெறும் எண்கள்தாம். அவற்றைப் பார்த்து ஒருவர் எழுந்து தோட்டத்துக்கு நடந்ததால் குழந்தைகள் பிழைத்தார்கள். இன்று நம் எண் நடக்க வேண்டியதில்லை. நொடியில் பறந்து போகிறது. அதைக் கண்டு எழுந்து வருகிறவர் அங்கே இருக்கிறாரா என்பதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.