ஜாலான் புசாரில் ஓர் ஆங்கிலப் பாடம்

தோட்டத்துத் தாய்மார்களும் தகப்பன்மார்களும் வேலை முடிந்து, குளித்து, சற்றே காலை நீட்டி உட்காரும் இந்த வேளையில், ஆங்கில மொழியின் வரலாற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அதற்கும் நமக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். இடைநிலைப் பள்ளிக்குப் போனபின் விடியற்காலை ஐந்தரை மணிக்கே பள்ளி வண்டி ஏற வேண்டும். போன சில வாரங்களில் வயிற்றுவலி தொடங்கிவிட்டது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. ஆங்கிலப் பாடம் உள்ள நாட்களில் மட்டுமே வலி வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவன் தாயார்தாம். "டீச்சர், எங்ககிட்ட வாயே திறக்க மாட்டேங்கிறான். நீங்க கேட்டா சொல்லுவான்" என்று அழைத்து வந்தார்.

கேட்டேன். நெடுநேரம் கழித்துச் சொன்னான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் 'கே' என்னும் எழுத்து நிற்கிறதல்லவா? அதையும் சேர்த்து 'க்னீ' என்று வாசித்துவிட்டான். வகுப்பே சிரித்தது. அன்றுமுதல் அதுவே அவனுக்குப் பட்டப்பெயர்.

"தம்பி, இந்தக் காலத்துக்கு நீ வாசித்தது பிழைதான். ஆனால் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் நீ அப்படி வாசித்திருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்" என்றேன். நான் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்றுதான் அவன் நினைத்தான். நான் சொன்னதோ சரித்திரம்.

அவன் தகப்பனார் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். பள்ளி விடுமுறையில் அவரைப் பார்க்கக் குடும்பத்தோடு புறப்பட்டபோது என்னையும் அழைத்தார்கள். ஜொகூரிலிருந்து போகும் பேருந்து, 1924ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட பாலத்தைக் கடந்து, குயின் ஸ்திரீட் நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து ரோச்சோர் வாய்க்காலைத் தாண்டிச் சற்று நடந்தால் ஜாலான் புசார். பாடத்தை அந்தப் பேருந்திலேயே தொடங்கினேன்.

'பஸ்' என்கிறோமே, அது முழுச் சொல் அன்று, ஒரு வால். 'ஆம்னிபஸ்' என்பது லத்தீன் மொழியில் 'எல்லாருக்கும்' என்று பொருள்படும். 1826இல் பிரான்சு நாட்டு நான்த் நகரில் எல்லாரும் ஏறிச் செல்லும் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. 1829இல் ஷில்லிபியர் என்பவர் அதை லண்டனில் ஓட்டினார். பெயரும் வண்டியோடு வந்தது. நீளமான பெயரைச் சொல்ல அலுத்து, தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். லத்தீனில் அந்த வால் வெறும் வேற்றுமை உருபு. நாம் 'எல்லாருக்கும்' என்பதில் முன்பாதியை விட்டுவிட்டு, "அதோ க்கும் வருகிறது, க்குமில் ஏறு" என்று சொன்னால் எப்படியிருக்கும்? பையன் வாய்விட்டுச் சிரித்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன் என்று அவன் தாயார் பிறகு சொன்னார்.

ஜாலான் புசார் என்றால் மலாயில் 'பெரிய சாலை'. 'ஜாலான்' என்ற சொல்லுக்குச் சாலை என்றும் நடை என்றும் இரு பொருளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் சதுப்பு நிலமாகவும், நோரிஸ் சகோதரர்களின் பாக்குத் தோட்டமும் பழத்தோட்டமுமாகவும் இருந்தது. மாட்டு வணிகம் செழித்த இடமும் இதுவே. தேக்காப் பக்கத்தில் 'பஃப்பலோ சாலை' என்று ஒன்று இருக்கிறது, அருகிலேயே 'கெர்பாவ் சாலை' என்றும் ஒன்று. முதலாவது ஆங்கிலம், இரண்டாவது மலாய்; இரண்டும் எருமைதான். ஜாலான் புசாரை ஒட்டி 'லெம்பு சாலை' இருக்கிறது, அது பசு. ஒரே மிருகத்துக்கு அடுத்தடுத்து இரண்டு மொழியில் இரண்டு பலகை! ஆங்கிலத்தின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எங்கே கிடைக்கும்?

5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலர், சாக்சனியர் முதலிய கூட்டத்தார் வட கடலைக் கடந்து பிரிட்டனில் குடியேறினார்கள். அவர்கள் பேச்சே ஆங்கிலத்தின் வித்து. பிறகு வடக்கிலிருந்து வைக்கிங்குகள் வந்தார்கள். 'ஸ்கை' என்ற வானமும், 'எக்' என்ற முட்டையும், 'தே' என்ற 'அவர்க'ளுங்கூட அவர்கள் கொண்டுவந்த சொற்களே. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்து அரசனானான். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரண்மனையில் பிரெஞ்சு, கோயிலில் லத்தீன், வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு. ஆங்கிலம் எங்கே இருந்தது? வயலிலும் தொழுவத்திலும் சமையற்கட்டிலும் இருந்தது. அது கூலிக்காரர் பேச்சு, நேயர்களே!

அதன் தழும்பு இன்றும் இருக்கிறது. தொழுவத்தில் நிற்கும்போது மாட்டுக்குப் பெயர் 'கௌ', ஆட்டுக்கு 'ஷீப்', பன்றிக்கு 'பிக்'. இவை நாட்டுச் சொற்கள். இறைச்சியாகித் தட்டில் வந்ததும் 'பீஃப்', 'மட்டன்', 'போர்க்'. இவை பிரெஞ்சிலிருந்து வந்தவை. மேய்த்தவன் வைத்த பெயர் ஒன்று, சாப்பிட்டவன் வைத்த பெயர் ஒன்று என்று சொல்வதுண்டு. வரலாறு அவ்வளவு நேர்கோடாக ஓடிவிடாது. இரண்டு வகைச் சொற்களும் நெடுங்காலம் கலந்தே வழங்கின. ஆனாலும் அடிப்படை உண்மை அதுதான்.

1362இல் ஒரு சட்டம் வந்தது. வழக்குகளை இனி ஆங்கிலத்தில் வாதாட வேண்டும், பிரெஞ்சு மொழி மக்களுக்குத் தெரியவில்லை என்றது அது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது!

இனி 'கே' எழுத்துக்கு வருவோம். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் அமைத்தார். அக்காலத்தில் முழங்காலுக்கும் கத்திக்கும் முன்னால் உள்ள 'கே'யை மக்கள் வாயால் சொன்னார்கள். 'நைட்' என்ற இரவுக்கு நடுவே நிற்கும் 'ஜி, எச்' என்ற இரண்டெழுத்தும் தொண்டையிலிருந்து எழும் ஓர் ஒலியாக இருந்தது. அச்சு வந்தபின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துவிட்டது. வாய் உறையுமா? உயிரொலிகள் எல்லாம் இடம் பெயர்ந்தன. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் 'கே'யும் பெரும்பாலும் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. காகிதத்தில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது, ஆள் போனபின் லயத்துக் கதவில் தொங்கும் பெயர்ப்பலகை மாதிரி. நாமும் 'வாழைப்பழம்' என்று எழுதிவிட்டு 'வாளப்பளம்' என்று பேசுகிறோமே, அதைப் போலத்தான். எழுத்தும் பேச்சும் பிரிந்து நடப்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிய சங்கதி இல்லை. அதை யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

காக்ஸ்டனே 1490இல் ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கப்பலேறிய வணிகர்கள் காற்றில்லாமல் கென்ட் கரையில் ஒதுங்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டில் போய் முட்டை கேட்டார். 'எக்ஸ்' என்ற வடநாட்டுச் சொல்லால் கேட்டார். அந்த அம்மாள், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாளாம்! கேட்டவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பிறகு இன்னொருவர் தென்னாட்டு வழக்கப்படி 'ஐரன்' என்று கேட்டபோதுதான் அவளுக்குப் புரிந்தது. சொந்த மொழியில் சொந்த நாட்டில் ஒரு முட்டை வாங்க முடியவில்லை. நம் பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தால் அது உலகத்தில் நடவாத காரியமா?

ஜாலான் புசாரில் 1947 வரை கைரிக்‌ஷாக்களும் ஓடின. 1880இல் சிங்கப்பூருக்கு வந்த வண்டி அது. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 'ஜின்ரிகிஷா'. 'ஜின்' என்றால் மனிதன், 'ரிகி' என்றால் வலிமை, 'ஷா' என்றால் வண்டி. ஆங்கிலம் இதற்கும் தலையை வெட்டியது. வெட்டுப்பட்ட தலை 'மனிதன்' என்பதை நான் பையனிடம் சொல்லவில்லை, அவனே கவனித்துவிட்டான். "இழுக்கிற ஆளையே எடுத்துட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

அதே வழியில் இன்னொரு சொல்லும் நினைவுக்கு வந்தது. 'கூலி' தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் ஆள். அந்தச் சொல் தமிழிலிருந்தே சென்றது என்பார் உண்டு. குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இரண்டும் கலந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும், நம் பாட்டன்மார் வாங்க வந்ததன் பெயராலேயே அவர்களை அழைத்தார்கள். அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் நம் பாட்டன்மார் அல்லர். நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன நல்ல சொற்களும் உண்டு. கட்டுமரம் 'காட்டமரான்' ஆயிற்று, சுருட்டு 'செரூட்' ஆயிற்று, மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்னும் சூப்பாகி வெள்ளைக்காரர் மேசையில் ஏறியது. அவர்களுடைய 'லைன்' நம்மிடம் 'லயம்' ஆனது. கொடுக்கல் வாங்கல்தான்.

நோரிஸ் சாலையில் திரும்பினோம். அங்கே ராமகிருஷ்ண மிஷன் ஒரு காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கு விவேகானந்தா பள்ளியும் பெண்பிள்ளைகளுக்குச் சாரதாமணி பள்ளியும் தமிழில் நடத்தியது. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. இருந்தும் பெற்றோர் வேலைவாய்ப்பை எண்ணி ஆண்டுக்காண்டு ஆங்கிலப் பள்ளிகளையே நாடினார்கள். மாணவர் குறைந்து 1982இல் உமறுப்புலவர் பள்ளி மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாயிற்று. அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை நல்லபடியாகச் சம்பாதிக்க வேண்டும் என்று நினைப்பது குற்றமா? ஆனால் பிள்ளைகள் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதைச் சொன்னது அரசாங்க அறிக்கையே. கோ கெங் சுவீ தலைமையில் தயாராகி 1979இல் வெளிவந்த கல்வி அறிக்கை, பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசாத இரண்டு மொழிகளில் பள்ளியில் பாடம் படிக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியது. இங்கிலாந்துப் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசிக்கொண்டு பள்ளியில் ரஷ்ய மொழியிலும் சீன மொழியிலும் படிக்க நேர்ந்தால் எப்படியோ அப்படி என்று அது ஒப்பிட்டது. நோயைச் சரியாகக் கண்டார்கள். மருந்துதான் கசப்பு. சிறு வயதிலேயே திறமைப்படி பிள்ளைகளைத் தனித்தனி ஓடையாகப் பிரித்தார்கள். கீழ் ஓடையில் போன பிள்ளை தன்னைத் தானே மட்டமாக நினைத்துக்கொண்டது. 2024இல் உயர்நிலை முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்தப் பிரிவினை முற்றாக எடுக்கப்பட்டது. 'ஸ்கூல்' என்ற சொல் கிரேக்கத்தில் 'ஓய்வு' என்று பொருள்பட்டது. ஓய்வாக இருந்து கற்கும் இடம். ஐந்தரை மணிக்கு வண்டி ஏறும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் நம்புமா?

உமறுப்புலவர் பெயர் அழிந்துவிடவில்லை. சிராங்கூன் சாலைப் பக்கம் பீட்டி சாலையில் அவர் பெயரில் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது, பல பள்ளிகளின் பிள்ளைகள் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள். பீட்டி முதல் உலகப் போரில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி. இந்த வட்டாரத்தில் சாலைகள் பலவும் அந்தப் போரின் பெயர்களே: வெர்டன், சோம், மார்ன், ஃபோஷ், பெட்டான்.

2017இல் திறந்த ஜாலான் புசார் ரயில் நிலையத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒரு பலகையின் முன் நின்றோம். அதுவும் ஒரு தளபதியின் பெயர். பையன் எழுத்தெழுத்தாகக் கூட்டி, 'டிர்விட்' என்று சற்றுத் தயங்கியே வாசித்தான். அந்தத் தளபதியின் பெயரை ஆங்கிலேயர் 'டிரிட்' என்றுதான் சொல்வார்கள் என்றேன். நடுவில் உள்ள எழுத்துகள் வெறுமனே நிற்கின்றன.

அவன் பலகையை ஒருமுறை பார்த்தான். பிறகு தகப்பனாரிடம் ஓடிப்போய், "அப்பா, இதைப் படிங்க பார்ப்போம்!" என்றான். அவரும் 'டிர்விட்' என்றே வாசித்தார். திரும்பும் பேருந்து ஏறும் வரை, எதிர்ப்பட்ட பலகைகளையெல்லாம் அவன்தான் எங்களுக்கு உரக்க வாசித்துக்கொண்டு வந்தான்.