எடுப்பதா, திறப்பதா? கண்ணீர்ப்பைக்கு இரண்டு அறுவைகள்

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கத்துக் கண் முகாம்களுக்குப் புரைக்காக வருகிற முதியவர்களில் சிலரை மருத்துவர் புரை அறுவைக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பார். மூக்கோரம், கண்ணின் உள்முனைக்குக் கீழே விரல் வைத்து அழுத்தியதும் கண்ணுக்குள் சீழ் எதுக்களித்து வந்திருக்கும். முதலில் கண்ணீர்ப்பையைச் சரிசெய்ய வேண்டும், புரை பிறகுதான் என்பது அங்கே கிடைக்கும் தீர்ப்பு.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. பையை முழுவதுமாக எடுத்துவிடுவது ஒன்று. மருத்துவர்கள் அதை டி.சி.டி. என்பார்கள். பைக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள எலும்பைத் திறந்து கண்ணீருக்குப் புதுவழி விடுவது மற்றொன்று, அது டி.சி.ஆர். முன்னது ஏழைகளுக்கான குறுக்குவழி, பின்னதே முழு வைத்தியம் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்து எடைபோட்டால் அந்த நினைப்பு நிலைப்பதில்லை.

நோயறியும் கட்டத்தில் இரண்டுக்கும் வாசல் ஒன்றே. கீழிமையின் உள்முனையில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கிறது. மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு, மழுங்கிய ஊசியை அதில் நுழைத்து, உப்புநீரை மெல்லச் செலுத்துகிறார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் பாதை திறந்திருக்கிறது. அதே துளை வழியாக நீர் திரும்பினால் அடைப்பு இமையோரச் சிறுகாலிலேயே இருக்கிறது. மேலிமைத் துளை வழியாகச் சளியோடு திரும்பினால் அடைப்பு பைக்குக் கீழே. எடுப்பதா, திறப்பதா என்ற கேள்வி இந்தக் கடைசி விடைக்குப் பிறகே எழுகிறது.

உப்புக் கரித்தும் கண்ணீர் வழிந்தால்? இமை தளர்ந்திருக்கலாம், கண்ணே வறண்டிருக்கவும் செய்யலாம். கரிசல் காட்டின் வெயிலும் காற்றும் கண்ணைக் காயவைக்க, அந்த எரிச்சலிலேயே நீர் பெருகும். அப்படிப்பட்டவருக்கு இரண்டு அறுவையும் வேண்டாம்; ஈரம் காக்கும் சொட்டு மருந்து போதும்.

அறுவை தேவைப்படுவோருக்கு, ஆபத்தைத் தடுப்பதில் இரண்டும் சமம். 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முன்பே கருவிழியில் காயம் பட்டிருந்தது. அங்கே கண்டறியப்பட்ட பாக்டீரியாக்களில் முதலிடம் நிமோகாக்கஸுக்கு. அடைபட்ட கண்ணீர்ப்பையிலும் குடியிருக்கக்கூடிய கிருமி அது. சோளத்தோகை கீறிய சிறு காயம் தானாக ஆறிவிடலாம். சீழ்ப்பை பக்கத்தில் இருந்தால் அதுவே பார்வையைப் பறிக்கும் புண்ணாகலாம். புரை அறுவையின்போது அக்கிருமி உள்ளே புகுந்தால் கண்ணையே இழக்க நேரிடும். எடுத்தாலும் திறந்தாலும் சீழ் தேங்குவதற்கு இடமில்லாமல் போகிறது.

எதிர்பாராத உறவு அறுவை மேசையில் தெரிகிறது. தோல்வழி டி.சி.ஆரும் டி.சி.டி.யும் பாதிவழி வரை ஒரே அறுவைதான். மூக்கோரத்தில் அதே சிறு கீறல், விலக்க வேண்டிய அதே தசை, தொடக்கூடாத அதே இரத்தக்குழாய். பையை எட்டிய பிறகே பாதைகள் பிரிகின்றன. மடை தூர்ந்துபோன கண்மாயை மூடிவிடலாம், அல்லது கரையில் புதுமடை திறக்கலாம். இங்கும் தேர்வு அப்படிப்பட்டதே. முன்னதில் பையை எலும்புக் குழியிலிருந்து பிரித்து முழுதாக வெளியே எடுக்கிறார்கள். பின்னதில் அந்தக் குழியின் மெல்லிய எலும்பைத் துளைத்து அகலமாக்கி, பையின் உட்சவ்வை மூக்கின் சவ்வோடு தைக்கிறார்கள்.

தோல்வியில் இரண்டும் நேரெதிர். எடுக்கும் அறுவை, பையின் துண்டு ஏதும் எஞ்சிவிட்டால் தோற்கும். மிச்சத்தில் மறுபடி சீழ் கட்டும். திறக்கும் அறுவை, சவ்வைப் போதிய அளவு காப்பாற்றாவிட்டால் தோற்கும். வெட்டிய வழி தழும்பேறித் தூர்ந்துபோகும். மிச்சம் வைப்பது ஒன்றில் பிழை, மிச்சம் வைக்காதது மற்றொன்றில் பிழை.

பலனைப் பார்ப்போம். தேர்ந்த கைகளில் டி.சி.ஆர். பத்தில் ஒன்பது பேருக்குக் கண்ணீர் வழிவதை நிறுத்துகிறது. டி.சி.டி. அந்த வாக்குறுதியைத் தருவதில்லை. சீழ் போகும், நீர் வழியலாம். ஆனால் இங்கும் ஒரு வியப்பு. முதுமையில் கண்ணீர் சுரப்பது இயல்பாகவே குறைகிறது. சீழின் எரிச்சலும் நீங்கிவிடுவதால், பை எடுத்த முதியவர்கள் பலருக்கு எதிர்பார்த்த அளவு நீர் வழிவதில்லை. வறண்ட கண் உள்ளவருக்கு வழி திறந்துவிட்டால் இருக்கிற கொஞ்ச ஈரமும் வடிந்துபோகும். அதனால்தான் வடிதாள் பட்டையை இமையில் செருகி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று முன்னதாக அளக்கிறார்கள்.

பையில் கட்டி இருந்தால் எல்லோருக்கும் விடை ஒன்றே: வசதி படைத்தவருக்கும் எடுப்பதே முறை. மூக்குச் சவ்வு நலிந்துபோனவருக்கும், நீண்ட அறுவை தாங்காத முதியவருக்கும் அப்படியே. உழைக்கும் வயதிலுள்ளவரின் கணக்கு வேறு. அருப்புக்கோட்டைத் தறியில் இழை பார்த்து நிற்கிறவருக்கோ, பருத்தி எடுக்கிறவருக்கோ நாள் முழுதும் கண் மங்கி வழிந்தால் வேலையே தடைப்படும். அவருக்குத் திறப்பதே நியாயம். எலும்புப் பாதை பெண்களுக்குக் குறுகலாக இருப்பதால் இந்த அடைப்பு அவர்களுக்கே அதிகம் வருகிறது. எனவே இந்தத் தேர்வு பெரும்பாலும் பெண்களைப் பற்றியது.

வரலாறும் எளிய வரிசையில் நடக்கவில்லை. எடுப்பது பழையது, திறப்பது புதியது என்பது உண்மை. திறப்பதற்குள்ளேயோ வரிசை தலைகீழ். இன்று நவீனம் எனப்படும் மூக்குவழி டி.சி.ஆரை 1893இலேயே கால்டுவெல் என்ற மருத்துவர் விவரித்துவிட்டார். தோல்வழி முறையை 1904இல் அறிவித்தவர் இத்தாலியின் டோட்டி. அவரோ மூக்கு மருத்துவர். இருண்ட மூக்கினுள் தெளிவாகப் பார்க்க எண்டோஸ்கோப் வந்து, 1989க்குப் பிறகுதான் பழைய வழி மறுபடி உயிர்பெற்றது. அதில் முகத்தில் தழும்பு விழாது. தோல்வழிக்கு விலையுயர்ந்த கருவி தேவைப்படாது. பலனில் இரண்டும் ஏறக்குறைய நிகர்.

மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்துக் கரிசல்காரர். அவர் பரப்பிய முகாம் முறை கிராமத்துக் கண்களை மருத்துவரிடம் கொண்டுசேர்த்தது. விருதுநகரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. முன்போல மருத்துவம் எட்டாத் தொலைவில் இல்லை. கண்ணில் தண்ணீர்தானே என்று ஆண்டுக்கணக்கில் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருப்பதே இன்று பெரிய தடை.

என் முடிவு இது. எடுப்பது தாழ்ந்ததும் அல்ல, திறப்பது ஆடம்பரமும் அல்ல. வயதும் கண்ணின் ஈரமும் செய்யும் வேலையும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டியவை இவை. நேரம் மிச்சம் என்பதற்காக மட்டும் நாற்பது வயதுப் பெண்ணின் பையை எடுப்பது அநீதி. பெயருக்காக எண்பது வயதுப் பாட்டியின் எலும்பைத் துளைப்பதும் அநீதியே. உங்கள் வீட்டில் யாருக்காவது மூக்கோரம் அழுத்தினால் சீழ் வந்தால், புரை முற்றும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அடைப்பு எங்கே இருக்கிறது? எடுக்கப்போகிறீர்களா, திறக்கப்போகிறீர்களா, அது ஏன்?