ஆயிரம் ரூபாவின் ஆறாண்டுகள்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகும் எவரும் ஓர் எண்ணைத் தவிர்த்து எழுதுதல் இயலாது. அது ஆயிரம் என்னும் எண். 2015 ஆம் ஆண்டிலே கோரிக்கையாகத் தோன்றி, பின்னர் தேர்தல் வாக்குறுதியாகவும், அமைச்சரவை முடிவாகவும், வரவு செலவுத் திட்ட உரையாகவும் உருமாறிய நாட்சம்பளம் ஆயிரம் ரூபா, 2021 மார்ச் மாதத்திலேதான் வர்த்தமானியில் இடம்பெற்றது. இடைப்பட்ட ஆறாண்டுகளிலும் நுவரெலியா, ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் லயங்களிலே அவ்வெண் எதிர்பார்ப்புக்கும் ஐயத்துக்கும் ஒருசேர உரியதாய் இருந்தது. தொழிலாளரின் ஐயத்தை அறியாமை என்றும், அரசியல் பற்றிய சலிப்பு என்றும் புறத்தே நின்றோர் பலர் கருதினர். சம்பளத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குமிடத்து, அவ்வையம் கணக்கறிந்தோரின் ஐயம் என்பது புலனாகும்.

வாக்குறுதிக்கும் வழங்கலுக்கும் இடையிலான தூரத்தை மலையகம் 2015 இலே புதிதாகக் கண்டறிந்ததன்று. இலங்கையிலே செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி ஆள் சேர்த்ததாக வாய்மொழி மரபு கூறும். வந்தவர்க்குக் கிடைத்தது கங்காணியின் கடனும், அக்கடனோடு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிய துண்டுமே. 1927 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளம் ஒன்றை விதித்தது. ஆனால் 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அக்குறைந்தபட்சமே குறைக்கப்பட்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்னும் நியாயம் 1984 ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைவிற் கொண்டால், அத்தாமதத்தின் பொருள் விளங்கும்.

தோட்டத்திலே சம்பளம் என்பது ஒரு தொகையன்று; ஒரு முறை. காலையிற் பிரட்டுக்களத்தில் வேலை பகிரப்படுகின்றது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கப்படுகின்றது. குறித்த கிலோ நிறைந்தால் 'பேர்' விழும். நிறையாதவர்க்கு 'அரைப்பேர்' என்பது தோட்டங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். மழைக்காலத்தில் எளிதாக நிறையும் கிலோ, வரட்சியிலே நிறைவதில்லை. செடி முதிர்ந்து காடாகிய மலைகளில் எக்காலத்திலும் நிறைவதில்லை. ஆகவே, 'நாளொன்றுக்கு இத்தனை ரூபா' என்று மேடையிலே சொல்லப்படும்போது, கேட்டிருக்கும் தொழிலாளியின் உள்ளத்தில் எழும் வினாக்கள் வேறு. எத்தனை கிலோவுக்கு? மாதத்தில் எத்தனை நாள் வேலை? அத்தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கூட்டு ஒப்பந்தங்களின் கீழ் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணிக்கப்பட்டன. எனவே மூன்றாவது வினா முதுமைக்காலத்தைப் பற்றிய வினாவுமாகும்.

தோட்டங்களின் முகாமை 1992 இல் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே இரண்டாண்டுக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கம் நிலைபெற்றது. 2013 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 620 ரூபா. அதில் அடிப்படை 450. எஞ்சியது வருகைக்கும் தேயிலை விலைக்கும் உரிய கொடுப்பனவுகள். அவ்வொப்பந்தம் 2015 மார்ச் 31 இல் முடிவுற்றபோது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிரம் ரூபாக் கோரிக்கையை முன்வைத்தது. கம்பனிகள் மறுத்தன. கொழும்பு ஏலத்தில் விலை வீழ்ந்துள்ளது, உற்பத்திச் செலவு ஏனைய நாடுகளைவிட மிகுந்துள்ளது, சம்பளம் உற்பத்தித் திறனோடு பிணைக்கப்படல் வேண்டும் என்பன அவற்றின் வாதங்கள். இவ்வாதங்களை வெறும் சாக்கு என ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. ஆயினும் மறுநடுகை செய்யப்படாத முதிய செடிகளால் விளையும் திறன்குறைவைப் பறிப்பவரின் தலையிலே சுமத்தும் பகுதி அவற்றுள் இருந்தமையையும் மறைத்தலாகாது.

பேச்சுவார்த்தை பதினெட்டு மாதங்கள் இழுபட்டது. 2016 செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபரிலும் தொழிலாளர் வீதிக்கு இறங்கினர். ஒக்டோபர் 18 இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கிடைத்தது 730 ரூபா: அடிப்படை 500, விலைப் பங்கு 30, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140. ஆயிரத்தை எதிர்பார்த்திருந்தவர்க்கு இத்தொகை மட்டுமே ஏமாற்றமன்று. வேலை வழங்கப்பட்ட நாட்களில் நான்கில் மூன்று பங்கு வராதவருக்கு 60 இல்லை. கிலோ நிறையாதவருக்கு 140 இல்லை. 730 என்று பத்திரிகைகள் அச்சிட்ட எண்ணுக்கும், மாத முடிவிலே சம்பளச் சீட்டைப் பிரித்துக் கண்ட எண்ணுக்கும் உறவு மெலிந்தே இருந்தது.

அடுத்த சுற்று இன்னும் தெளிவான பாடம். 2018 ஒக்டோபரில் ஒப்பந்தம் மீண்டும் முடிவுற்றது. அம்மாதம் 24 ஆம் திகதி மலையக இளைஞர் கறுப்பு உடையணிந்து கொழும்பு காலிமுகத்திடலிலே திரண்டனர். தலைநகரின் கடைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றும் இவர்கள், லயங்களிலிருந்து வெளியேறிய தலைமுறையினர். தொழிற்சங்கம் அழைக்காமலே தம் தாய்மாரின் சம்பளத்துக்காக அவர்கள் கூடியமை குறிப்பிடற்பாலது. டிசெம்பரில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 2019 ஜனவரி 28 இல் அடிப்படைச் சம்பளம் 700 என்றும், விலைப் பங்கு 50 என்றும் ஒப்பந்தமாயிற்று. அடிப்படை 200 ரூபாவால் உயர்ந்தது. இது மெய்யான நன்மையே. ஆனால் வருகைக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் நீக்கப்பட்டன. 730 ஆக இருந்தது 750 ஆயிற்று. அவ்விரு கொடுப்பனவுகளையும் முன்னர் முழுமையாகப் பெற்று வந்தவருக்குக் கூடியது நாளொன்றுக்கு 20 ரூபா. கம்பனிகளோ சேமலாப, நம்பிக்கை நிதிகளுக்குத் தாம் செலுத்தும் 105 ரூபாவையும் கூட்டி 855 என்றன. ஒரே ஒப்பந்தத்தை 700 என்றும் 750 என்றும் 855 என்றும் படிக்க இடமிருந்தது. இத்தகைய எண்களோடு பழகிய மக்கள் நான்காவது எண் ஒன்றை ஐயுற்றதிலே வியப்பில்லை. மேலதிகமாக 50 ரூபா வழங்குவதாக அன்றைய அரசு அவ்வாண்டிலே சொன்னது, அது வழங்கப்படவேயில்லை.

2019 நவம்பர் சனாதிபதித் தேர்தலில் ஆயிரம் ரூபா வெற்றிபெற்ற தரப்பின் வாக்குறுதியாயிற்று. 2020 ஜனவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. மார்ச் முதலாம் திகதி நாளாகக் குறிக்கப்பட்டது. மார்ச் வந்தது, சம்பளம் வரவில்லை. மே மாதம் 26 இல் கோரிக்கையை முன்னின்று நடத்திய ஆறுமுகன் தொண்டமான் காலமானார். நவம்பரில் வரவு செலவுத் திட்டம் 2021 ஜனவரி என்றது. ஜனவரியும் கழிந்தது. பெப்ரவரி 5 இல் ஒருநாள் வேலைநிறுத்தம் நடைபெற, சில நாட்களில் விடயம் சம்பள நிர்ணய சபையின் வாக்கெடுப்புக்குச் சென்றது. மார்ச் 5 இல் வர்த்தமானி வெளிவந்தது: 900 ரூபாவும், வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி 100 ரூபாவும். கம்பனிகள் நீதிமன்றை நாடின. இடைக்காலத் தடை கிட்டவில்லை. ஆயிரம் ரூபா வந்தேவிட்டது.

வந்த பொருள் எதிர்பார்த்த பொருள்தானா என்பது வேறு வினா. கணினி விளையாட்டுத் துறையிலே இதற்கொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1997 இல் அறிவிக்கப்பட்ட 'டியூக் நியூகெம் ஃபொரெவர்' என்னும் விளையாட்டு, பலமுறை பிற்போடப்பட்டு, வாராப் பொருளுக்கே உவமையாகி, 2011 இல் வெளிவந்தபோது காலம் அதனைக் கடந்து சென்றிருந்தது. வாங்கக் காத்திருந்தோர் இழந்தது பொழுதேயன்றி வேறில்லை. தோட்டத்திலோ, காத்திருந்த பொருளே பணமாகையால், பிற்போட்ட ஒவ்வொரு மாதமும் அப்பொருளை உள்ளிருந்து அரித்தது. கோரிக்கை எழுந்த 2015 இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ ஏழரை டொலர். வர்த்தமானி வெளிவந்த நாளில் ஐந்து டொலர். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிய பின்னர், அவ்வாண்டின் இறுதியில் அது மூன்று டொலருக்கும் குறைவு. கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலையை அடைந்த அந்நாட்களிலும் சம்பளம் அதே ஆயிரமாகவே நின்றது.

மற்றொரு விளைவும் உண்டு. சம்பள நிர்ணய சபையின் வழியே தொகை தீர்மானிக்கப்பட்டதும், கூட்டு ஒப்பந்தம் காலாவதியாயிற்று என்று கம்பனிகள் கூறின. வேலை நாட்கள், கிலோவின் அளவு முதலியவற்றுக்கு அவ்வொப்பந்தம் தந்த காப்பும் அத்தோடு தளர்ந்தது. பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ உயர்த்தப்படுவதாகவும், நிறையாதவர்க்கு அரைப்பேர் போடப்படுவதாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. ஆறாண்டுகளாகத் தொழிலாளர் கேட்டுவந்த முதல் இரு வினாக்களுக்கும் விடை இவ்வாறு வந்தமைந்தது. எண்ணைப் பற்றி மட்டுமே பேசிய மேடைகள் அவ்வினாக்களைப் பேசவில்லை. ஒப்பந்த மேசையில் அமர்ந்தோர் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுள் மடுவத்திலே கூடையை இறக்கியவர் அரியர். இதுவும் காரணங்களுள் ஒன்று எனலாம்.

பின்னர் நிகழ்ந்தவை பழைய நடையையே பின்பற்றின. 2024 மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்திலே 1700 ரூபா அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1350 ரூபா நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டம் மீண்டும் ஒரு தொகையைச் சொன்னது: 1750. அதில் 1550 சம்பளம். எஞ்சிய 200 ரூபா வருகைக்கென அரசே வழங்கும் கொடுப்பனவு. வருகைக்குரிய அப்பணம், மலைக்குச் சென்றும் கிலோ நிறையாது அரைப்பேர் விழும் நாளிலே எவ்வாறு கணிக்கப்படும் என்பதே இத்தொகையைக் கேட்ட கொழுந்துப் பெண்ணுக்கு முதல் வினாவாகும்.