பிலிம் வீட்டில் பிறந்த பிள்ளை

படப்பிடிப்புத் தளத்திலிருந்து பிலிமை விரட்டிய டிஜிட்டல் கேமரா, பிலிம் விற்றே வளர்ந்த கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது.

1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி சில்லை வடிவமைத்தார்கள். ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்து வைக்கும் சில்லு அது. 1975-ல் ரோச்செஸ்டர் நகரிலிருந்த கோடாக்கின் இளம் எஞ்சினியர் ஸ்டீவன் சாசன் கையில் அப்படி ஒரு சில்லு கிடைத்தது. கம்பெனியின் சூப்பர் 8 சினிமா கேமராவின் லென்ஸ் ஒன்றை எடுத்து அதன் முன்னால் பொருத்தினார். பதினாறு பேட்டரிகள், ஒரு கேசட் ரெக்கார்டர், மொத்த எடை மூன்றரைக் கிலோவுக்கும் மேல். நூறுக்கு நூறு புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் ஏற 23 வினாடி ஆனது. மேலதிகாரிகளுக்கு அதில் ஆர்வம் பிறக்கவில்லை.

அதே கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பையர், சில்லின் மீது சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைச் சதுரங்கக் கட்டம்போல் பரப்பும் முறைக்கு 1976-ல் காப்புரிமை பெற்றார். மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கம் அதிகம் பார்க்கும் என்பதால் பாதிக் கட்டங்கள் பச்சை. இன்றைய சினிமா கேமராக்களில் பெரும்பாலானவை நிறம் பார்ப்பது இவர் போட்ட கட்டத்தின் வழியாகத்தான்.

ஆனால் சினிமாவுக்கு நிறம் மட்டும் போதாது. பேசும்படம் வந்தபோது நிலைத்த கணக்கு, வினாடிக்கு 24 முழு பிரேம்கள். வீடியோவோ ஒவ்வொரு பிரேமையும் இரு பாதியாகப் பிரித்து வேறு வேகத்தில் ஓடியது. செய்திப்படம் போன்ற அதன் தோற்றத்துக்கு அது ஒரு காரணம். 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தேவையைச் சொல்ல, சோனி 24 முழு பிரேம் பதியும் எச்டிடபிள்யூ-எஃப்900 கேமராவைக் கொண்டுவந்தது. அதில் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படம் ஒன்று 2002-ல் வெளியானது. தமிழில் பி.சி. ஸ்ரீராம் 2004-லேயே 'வானம் வசப்படும்' படத்தை டிஜிட்டலில் எடுத்தார். அன்றைய கருவியை நம்பி இறங்க அவருக்கு இருந்த துணிச்சலை இன்னும் உரக்கப் பாராட்ட வேண்டும். அதன் சென்சார், அதாவது ஒளி வாங்கும் சில்லு, சிறியது; முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவது பாடு. வெயிலில் வானம் வெளுத்துப் போகும்.

2007-ல் ரெட் ஒன், 2010-ல் ஆரி அலெக்ஸா வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. இரண்டின் சென்சாரும் ஏறக்குறைய 35 எம்.எம். பிலிம் பிரேமின் அளவு, அதனால் பழைய சினிமா லென்ஸ்கள் அப்படியே பொருந்தின. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன் 70 எம்.எம். பிலிமை நெடுக்கில் இரண்டாக வெட்டியபோது வந்த அளவு அது.

பிலிமில் ஆயிரம் அடி ஓடி முடியப் பதினோரு நிமிடம். அதனால் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கேமராவை ஓட விடுவார்கள். டிஜிட்டலில் அந்தக் கட்டாயம் போய்விட்டது; புதியவர்கள் பலர் படமெடுக்க வந்ததற்கும், ஒத்திகை குறைந்ததற்கும் அதுவே காரணம் என்பது என் கருத்து.

பாதுகாப்பில் பிலிமே மேல். நன்றாக வைத்த 35 எம்.எம். நெகட்டிவை இன்று 4கே தரத்தில் ஸ்கேன் செய்யலாம். எஃப்900-ல் எடுத்த படத்தின் உச்சம் 1920-க்கு 1080 புள்ளிகள்தான். அதற்கு மேல் அதில் பதிந்த விவரம் கிடையாது. ஆகவே பழைய படங்களின் நெகட்டிவ் கேன்களை வைத்திருக்கும் தயாரிப்பாளர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். கேனைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தாமதிக்காமல் ஸ்கேன் செய்யுங்கள், அல்லது புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். ஸ்கேன் செய்த பிறகும் நெகட்டிவைத் தூக்கி எறியாதீர்கள்.