காக்கைக்கு இட்ட சோறு



பெங்களூரில் எங்கள் மாடிச் சுவரின்மீது நாள்தோறும் காலையில் ஒரு பிடி சோறு வைப்பது என் அன்னையார் விட்டுச்சென்ற வழக்கம். முதலில் ஒரு காக்கை வரும். வந்தவுடன் உண்ணாது, தலை சாய்த்து நோக்கிப் பின்னர்க் கரையும். சிறிது நேரத்திற்குள் ஏழெட்டுக் காக்கைகள் கூடிவிடும்.

இக்காட்சி தமிழருக்குப் புதியதன்று. வள்ளுவர் இதனைச் 'சுற்றந்தழால்' அதிகாரத்தில் உவமையாக அமைத்தார். குறுந்தொகையிலோ, பிரிந்து சென்ற தலைவன் மீண்டதும், அவன் வரவை முன்னரே கரைந்து உணர்த்திய காக்கைக்கு நெய்ச்சோற்றை ஏழு கலங்களில் இட்டாலும் போதாது என்கிறாள் தோழி. அப்பாடலைப் பாடியவரே காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனப் பெயர் பெற்றார்.

அறிவியலார் இப்பறவையை ஏட்டில் பதிந்தது மிகப் பிற்காலத்தில்தான். 1817ஆம் ஆண்டில் வியேயோ என்னும் பிரெஞ்சு அறிஞர், 'ஒளிர்வது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரை இதற்குச் சூட்டினார். சாலிம் அலி 1939–40ஆம் ஆண்டுகளில் மைசூர்ச் சமஸ்தானத்துப் பறவைகளை ஆராய்ந்தார். பறவை நோக்குவோருக்கென ஓர் இதழைத் தொடங்கிய ஸபர் புத்தேஹல்லி, பிற்காலத்தில் பெங்களூரில் வாழ்ந்தார். பட்டம் பெறாத எளியோரும் தம் தோட்டத்திற் கண்டதை எழுத அவ்விதழ் இடந்தந்தது.

காக்கையும் நம்மைப்போல் புலம்பெயர்ந்ததுண்டு. காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து அதனை மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டு சென்றனர். வேலைக்கென அழைக்கப்பட்ட அப்பறவை பெருகியபின் தொல்லை எனப்பட்டது. இன்று அங்கு அதனைச் சுட்டுக் குறைக்கின்றனர்.

எங்கள் அடுக்ககத்திலும் அண்மையில் ஒரு வழக்கு எழுந்தது. சோறு சிந்தி மாடி அசுத்தமாகிறது. ஆகவே நிறுத்துக என்றனர். குறையில் நியாயம் இருந்தது. நான் வாளாவிருந்தபோது, அண்டை வீட்டுக் கன்னட அம்மையார் பேசினார்: "எங்கள் வீட்டிலும் பெரியோர் திதிக்குக் காகெ வந்து உண்ட பின்னரே நாங்கள் உண்போம். வழக்கத்தை ஏன் நிறுத்த வேண்டும்? இடத்தைக் கழுவிவிட்டால் போதாதா?" அவ்வாறே முடிவாயிற்று. இப்பொழுது காக்கைகள் உண்ணும் அளவே வைத்து, அவை பறந்ததும் சுவரைக் கழுவிவிடுகிறேன்.

நேயர்களே, வெளியூர் சென்றவர் திரும்பிவருவதைக் காக்கை அறிவிக்கும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. இன்று வெளியூர் வந்திருப்பவர் நாமே. ஊரில் நம் வீட்டு முற்றத்தில் காக்கை கரையும்போது, வாயிலை நோக்கும் கண்கள் சில இன்னும் இருக்கலாம். அடுத்த விடுமுறைக்கு ஒருமுறை போய் வாருங்கள்.